துரு வளர்த்த தொழில்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. இன்ஜின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடும்போது ஆவியாகவே வெளியேறிவிடும்; யார் கண்ணிலும் படாது. குளிர்காலக் காலையில் கடைத்தெரு வரை போய்த் திரும்பும் காரில் அப்படி நடப்பதில்லை. குழாய் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், ஆவி உள்ளேயே குளிர்ந்து சைலன்சரின் அடியில் தேங்குகிறது. வெறும் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. பெட்ரோலில் இருந்த கந்தகம் அதில் கலந்து அமிலமாகியிருக்கும். பிரிட்டனில் கார் சைலன்சர் மாற்றுவது தனியொரு வணிகமாக வளர்ந்து, தெருவுக்குத் தெரு கடை திறந்ததற்குப் பின்னால் இருந்தது இந்தத் தேங்கிய நீர்தான்.

அந்த வரலாற்றை ஒரே ஒரு காரின் அடிவயிற்றில் படித்துவிடலாம். எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் தயாரானது. இருவர் உட்காரும் திறந்த கார். மழை வந்தால் துணிக்கூரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். மூடிய வடிவமான ஜி.டி.யையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடும் இந்தக் கார்களில், தொழிற்சாலையில் மாட்டிய சைலன்சரோடு ஓடுவதைக் காண்பது மிக அரிது. இன்ஜின் பழையதாக இருக்கலாம், இருக்கைத் தோல்கூடப் பழையதாக இருக்கலாம்; புகைக்குழாய் மட்டும் எத்தனையாவது தலைமுறை என்று உரிமையாளருக்கே தெரியாது.

ஆபிங்டன் தொழிற்சாலை நவீன கார் ஆலை என்றதும் மனதில் வரும் பிரம்மாண்டம் அல்ல. ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் என்னும் விற்பனைக் கடையின் மேலாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களை வேகமான, அழகான கார்களாக மாற்றி விற்கத் தொடங்கியதிலிருந்து வந்தது எம்.ஜி. என்ற பெயர். 1929இல் நிறுவனம் ஆபிங்டனில் பாவ்லோவா தோல் ஆலையின் காலியாகக் கிடந்த பகுதிக்குக் குடிபெயர்ந்தது. எம்.ஜி.பி. காலத்திலும் அங்கே தானாக நகரும் தயாரிப்புத் தடம் கிடையாது; ஒரு கட்ட வேலை முடிந்த காரைத் தொழிலாளர்கள் கையால் தள்ளி அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். கார்க்கூடுகளும் இன்ஜின்களும் வெளியூர்களிலிருந்து வந்தன. சிட் எனெவர் தலைமையில் வடிவமைத்த எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் இல்லை, உடற்கூடே பாரம் தாங்கியது. அந்தக் கூட்டின் அடியில், முன்னிருந்து பின்வரை, ரப்பர் பிடிகளில் தொங்கியது புகைக்குழாய்.

சத்தத்தை அடக்கும் கலை இந்தக் காரைவிட வெகு மூத்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்னும் ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897இலேயே இன்ஜின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழலை 1909 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹைரம் பெர்சி மாக்சிம் அதே அறிவை இன்ஜின்களுக்கும் கொண்டுவந்தார். சிலிண்டரிலிருந்து வாயு ஒரே சீராக வெளியேறுவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெடிப்பாகப் பாய்கிறது. அந்த வெடிப்பை அறைகளுக்குள் விரியவிட்டு, துளையிட்ட குழாய்கள் வழியே திருப்பிவிட்டு, சில வகைகளில் கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்சவிட்டு, அலைகள் ஒன்றையொன்று தணிக்கச் செய்வதே சைலன்சரின் வேலை. நெருக்கிப் பிடித்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்; தளர்த்தினால் ஊர் விழிக்கும்.

ஊர் விழித்த கதை புரூக்லண்ட்ஸில் நடந்தது. லண்டனுக்குத் தென்மேற்கே வேபிரிட்ஜ் அருகில், ஹ்யூ லாக் கிங் தன் சொந்த நிலத்தில் கட்டிய கான்கிரீட் பந்தயப் பாதை 1907இல் திறந்தது. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் எஸ்.எஃப். எட்ஜ் ஒரு நேப்பியர் காரில் 24 மணி நேரம் இடைவிடாமல் அங்கே ஓட்டினார். இரவில் வழிகாட்டப் பாதையோரம் சிவப்பு விளக்குகள் வைத்திருந்தார்கள். 1,500 மைலுக்கு மேல் ஓடிய அந்தச் சாதனையை உலகம் பாராட்டியது. தூங்க முடியாமல் கிடந்த அக்கம்பக்கத்தார் பாராட்டவில்லை. அதன்பின் அந்தப் பாதையில் இரவு ஓட்டம் நின்றுபோனது. 1920களில் சத்தத்துக்கு எதிராக வழக்குகள் எழ, பாதையில் ஓடும் காருக்குக் குறிப்பிட்ட அளவுள்ள பெரிய சைலன்சரும், மீன்வாலாகத் தட்டையாய் விரியும் பின்முனையும் கட்டாயமாயின. 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள் அதைப் பகலில் 12 மணி நேரம், மறுநாள் பகலில் 12 மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இடைப்பட்ட இரவில் கார்களைப் பூட்டி வைத்தார்கள்.

‘டபுள் ட்வெல்வ்’ என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயம்தான் எம்.ஜி.யைத் தூக்கி நிறுத்தியது. 1930இல் அதன் சிறிய எம்-டைப் மிட்ஜெட் கார்கள் அணிப் பரிசை வென்றன. 1931இல் ஏர்ல் ஆஃப் மார்ச், கிறிஸ் ஸ்டானிலண்ட் இருவரும் ஓட்டிய சி-டைப் பந்தயத்தையே வென்றது. உடலின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி நீண்டுகிடந்த அந்தப் பருத்த சைலன்சர், பிற்பாடு சாலையில் ஓடும் கார்களுக்கும் ஆசை அலங்காரமானது. அக்கம்பக்கத்தார் தூங்குவதற்காக வந்த விதி, வேகப் பிரியர்களின் சின்னமாகிப் போனது என்பது கார் வரலாற்றின் அழகான திருப்பங்களுள் ஒன்று. திறந்த காரில் சைலன்சருக்கு ஒரு கூடுதல் பொறுப்பும் இருந்தது. தலைக்கு மேல் தகரமோ பின்னால் கண்ணாடியோ இல்லாததால், பின்குழாயின் ஒலி ஓட்டுபவர் காதுக்கு நேரே வந்து சேரும். அந்த ஒலிக்காகவே காரை வாங்கியவர்களும் உண்டு.

போருக்குப் பிறகு அந்த ஆசைக்கு அமெரிக்காவில் பெரும் சந்தை கிடைத்தது. 1945இல் வந்த டி.சி. வகையில் 10,000 கார்கள்தான் தயாராயின. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. 1 லட்சத்தைத் தாண்டியது. அடுத்து வந்தது எம்.ஜி.பி. எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்க வேண்டும். விலை இறங்க, மாட்டும் பாகங்கள் மலிவாக இருக்க வேண்டும். புகைக்குழாய்க்கு அன்று எல்லாரும் பயன்படுத்தியது பட்டறைக்காரர்கள் எம்.எஸ். என்று சொல்லும் சாதா எஃகுதான்.

அந்த எஃகுக்கு எதிரிகள் உள்ளும் புறமும் இருந்தார்கள். வெளியே, குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பு. செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வெட்டியெடுக்கும் பாறையுப்பு, உருகிய பனியோடு சேர்ந்து காரின் அடிப்பகுதி முழுக்கத் தெறிக்கும். உள்ளே, கந்தக அமிலத்துக்குத் துணையாக வேறொன்றும் வந்தது. இன்ஜின் இடிப்பதைத் தடுக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஈயம் மட்டும் கலந்தால் அது வால்விலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்துவிடும். அதை வாயுவாக்கி வெளியே தள்ள புரோமின், குளோரின் சேர்மங்களையும் கூடவே கலந்தார்கள். அவை எரிந்தபின் விட்டுச் சென்றவை ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள். இன்ஜின் பிழைத்தது, சைலன்சர் செத்தது. மனிதர்களின் ரத்தத்தில் அந்த ஈயம் ஏற்றிய நஞ்சோடு பார்த்தால் சைலன்சர் போனது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இரண்டும் ஒரே புட்டியிலிருந்து வந்தவை.

இன்ஜினுக்கு அருகில் இருக்கும் குழாய் சூட்டினால் உலர்ந்து தப்பிக்கும். கடைக்கோடியில் இருக்கும் பின் சைலன்சர் சூடாவதற்கு வெகுநேரம் ஆகும், அதனால் அதுதான் முதலில் ஓட்டையாகும். இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டினால் பெரிய விஷயம்.

இப்படித் தேய்ந்துகொண்டே இருக்கும் பொருளைச் சுற்றி ஒரு தொழில் முளைக்காமல் இருக்குமா? அமெரிக்காவில் நேட் ஷெர்மன் தொடங்கிய மைடாஸ் நிறுவனம், 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் முதல் கடையைத் திறந்தது. சைலன்சர் மாற்றுவது மட்டுமே அங்கே வேலை. கார் உங்களிடம் இருக்கும்வரை சைலன்சருக்கு உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். அதுவரை சைலன்சர் போனால் பொதுப் பட்டறையில் காரை விட்டுவிட்டு, பாகம் வந்ததா என்று நாள்கணக்கில் விசாரிக்க வேண்டும். காத்திருந்து வாங்கிப் போகும் வேலையாக அதை மாற்றியது இந்த வணிகத்தின் உண்மையான கண்டுபிடிப்பு.

அதைக் கண்ணால் பார்த்து வந்து பிரிட்டனில் நட்டவர் டாம் ஃபார்மர். எடின்பரோவின் லீத் பகுதியில் பிறந்து, சிறுவயதில் பள்ளியை விட்டு, டயர் கடையில் வேலை கற்றவர். சொந்தமாக நடத்திய டயர் வணிகத்தை 1960களின் இறுதியில் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, முப்பது வயதுக்குள் ஓய்வுபெற்றவராக அமெரிக்காவுக்குக் குடிபோனார். அங்கே சும்மா இருக்க முடியவில்லை. சைலன்சர் கடைகள் கண்ணை உறுத்தின. 1971இல் எடின்பரோ திரும்பி க்விக்-ஃபிட் தொடங்கினார். நீல மேலங்கி அணிந்த ஊழியர்கள் ஆடிப்பாடும் தொலைக்காட்சி விளம்பரம் 1980களில் பிரிட்டனில் குழந்தைகள்கூட அறிந்த ஒன்று. 1997இல் ஃபார்மருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1999இல் ஃபோர்டு நிறுவனம் 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து க்விக்-ஃபிட்டை வாங்கியது. அந்தப் பணத்தின் ஒரு பங்கு டயரிலிருந்து வந்தது. மற்றொரு பங்கு, குளிர்ந்த சைலன்சரில் தேங்கிய நீரிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அரசும் இந்தத் தொழிலுக்குத் தெரியாமலே உதவியது. 1960இல் பத்து வயது கடந்த வண்டிகளுக்கு எம்.ஓ.டி. என்னும் கட்டாயச் சோதனை வந்தபோது பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டுமே பார்த்தார்கள். 1967இல் வயது வரம்பு மூன்றாண்டுகளாகக் குறைந்தது. 1977இல் சோதனைப் பட்டியலில் புகைக்குழாயும் சேர்ந்தது. அதுவரை தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கி, ஓட்டையில் பசை அப்பி ஓட்டியவர்கள் இனி ஆண்டுக்கொரு முறை ஒரு சோதனையாளரின் டார்ச் விளக்குக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

எம்.ஜி.பி.யில் இந்த வேலையைச் சொந்தமாகச் செய்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வாசலில் காரை ஜாக்கியால் உயர்த்தி, நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முதுகு தரையில் பட ஊர்ந்து உள்ளே போவார்கள். பழைய குழாயில் காப்பாற்ற எதுவும் இல்லை, ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். சவால் முன்முனையில் காத்திருக்கிறது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இரண்டு வாய்கள். ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்டட். அவற்றில் மொத்தம் ஆறு பித்தளை நட்டுகள். பித்தளை துருப்பிடித்து எஃகோடு ஒட்டிக்கொள்ளாது என்பதால்தான் அந்தத் தேர்வு. ஆபிங்டனின் பொறியாளர்கள் பின்னால் வரப்போகும் மெக்கானிக்கை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நட்டுக்கு மேலே கார்புரேட்டர்கள் இரண்டும் குடையாகக் கவிந்திருக்கும். மேலிருந்து கை போகாது. கீழிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனில் சாக்கெட் மாட்டி, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் நட்டைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிட்டவருக்கு நட்டு ஒரு கிரீச்சலோடு இளகும். முந்தைய மெக்கானிக் எவரோ பித்தளைக்குப் பதில் இரும்பு நட்டு போட்டிருந்தால் ஸ்டட் முறியும். முறிந்தால் கார்புரேட்டரைக் கழற்றி, மேனிஃபோல்டைக் கழற்றி, முறிந்த துண்டை டிரில் போட்டு எடுக்க வேண்டும். சனிக்கிழமை வேலை அடுத்த வாரத்துக்குப் போகும்.

புதியதை மாட்டுவதில் முறை ஒன்று உண்டு. எந்த கிளாம்பையும் முதலில் இறுக்கக் கூடாது. புது கேஸ்கெட் வைத்து முன்குழாயைத் தளர்வாகத் தொங்கவிட்டு, நடுக்குழாய், பின் சைலன்சர், ரப்பர் பிடிகள் எல்லாவற்றையும் கோத்தபின், குழாய் எங்கும் உடலில் உரசாமல் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் போதும், குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுவதும் அதிர்ந்து முழங்கும். பிறகு இன்ஜின் பக்கமிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்கம். இன்ஜினை ஓடவிட்டுப் பின்முனையைத் துணியால் ஒரு நொடி அடைத்தால், இணைப்பில் கசிவு இருக்கும் இடம் சீறிக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை சூடாகி ஆறியதும் உலோகம் இடம் பிடித்துவிடும், அப்போது மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டவர்களின் கேஸ்கெட் சீக்கிரமே ஊதிப் போகும்.

துருவுக்கு மருந்து வெகுகாலம் முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் இதில் வியப்பு. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரெயர்லி, துப்பாக்கிக் குழல் அரிப்பை ஆராயும்போது, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசைந்து கொடுக்காததைக் கண்டார். ஆபிங்டனிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் அது. ஆனாலும் கார் நிறுவனங்கள் பத்தாண்டுகள் பலவாகச் சாதா எஃகையே மாட்டின. விலை முக்கிய காரணம். முதல் உரிமையாளர் காரை விற்கும்வரை தாங்கினால் போதும் என்ற கணக்கும் இருந்திருக்க வேண்டும். மாற்று சைலன்சர் செய்பவர்கள்தான் முதலில் முந்திக்கொண்டார்கள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 வகை எஃகில், அதாவது தமிழ்நாட்டுச் சமையலறையின் நல்ல எவர்சில்வர் பாத்திரம் எதில் ஆகிறதோ அதே வகையில், எம்.ஜி.பி.க்குக் குழாய் வளைத்து விற்றார்கள். ஒருமுறை மாட்டினால் உரிமையாளரின் ஆயுள்வரை வரும்.

புதிய கார்களைத் திருத்தியது சுற்றுச்சூழல் சட்டம். 1993 முதல் பிரிட்டனின் புதிய பெட்ரோல் கார்களுக்கு நச்சுவாயுவை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் அது செத்துவிடும். ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் வேண்டும். கசிவில்லாத, சூடு தாங்கும் குழாய் வேண்டும். ஆகவே குரோமிய எஃகு வேண்டும். 2000 ஜனவரி 1 முதல் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனையும் நின்றது. எதிரி ஒவ்வொன்றாக விலக, சைலன்சரின் ஆயுள் நீண்டது. சைலன்சர் வருமானத்தில் வளர்ந்த கடைகள் டயரையும் பிரேக்கையும் நம்பி வாழப் பழகிக்கொண்டன.

இதற்கிடையில் ஆபிங்டன் மூடிவிட்டது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தது. அந்த வகைக் கார் உலகிலிருந்தே மறைந்துவிடும் என்று பலர் நினைத்திருந்த வேளையில், 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்து நின்றது. தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் குணத்தை ஆசையோடு படித்தது. அவற்றின் புகைக்குழாய் ஒலியையும் விடவில்லை. பழைய கார்களின் ஒலியைக் கேட்டு, குழாயைப் பலவாறு மாற்றி மாற்றிச் சோதித்து, விரும்பிய தொனி வரும்வரை உழைத்தார்கள். ஆபிங்டனில் ஓரளவு தற்செயலாக வாய்த்த ஒலியை ஹிரோஷிமாவில் திட்டமிட்டு உண்டாக்கினார்கள். அதுவும் துருப்பிடிக்காத எஃகு மேனிஃபோல்டில். அந்தக் கார் 2016இல் 10 லட்சத்தைத் தொட்டது.

பழைய காரின் பக்கமும் வேலை நடந்தது. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், ஆபிங்டனுக்கு அருகிலுள்ள ஃபேரிங்டனில், தொழிற்சாலைக் காலத்து அச்சுகளைக் கொண்டே புத்தம்புதிய எம்.ஜி.பி. கூடுகளை அடித்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்துப்போன காருக்கு முழு உடலையே மாற்றலாம் என்ற நிலை வந்தது. அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் கெடாமல் கிடந்த எம்.ஜி.பி.கள் கப்பலேறித் தாயகம் திரும்பின. பாகங்கள் கிடைக்கவும் வழி இருந்தது: டி.சி. கார் வைத்திருந்த ஆல் மாஸ் 1948இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய சிறு பட்டறை, பிரிட்டிஷ் கார்களின் பாகங்களை விற்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்திருந்தது.

இதனால் புதிதாக ஒரு விவாதமும் எழுந்தது. எம்.ஜி.பி.க்கு இன்று எவர்சில்வர் குழாயும் கிடைக்கிறது, சாதா எஃகுக் குழாயும் கிடைக்கிறது. துருப்பிடிக்காதது வாங்கினால் கவலை விட்டது. ஆனால் ஒலி சற்றுக் கணீரென்று மாறிவிடுகிறது என்பது பழைய காதுகளின் புகார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும் என்பவர்கள், அழியும் என்று தெரிந்தே சாதா எஃகை மாட்டுகிறார்கள். ஒரு காலத்தில் சிக்கனத்துக்காகப் போட்ட பொருளை இன்று நேர்மைக்காகப் போடுகிறார்கள். ஆண்டுக்குச் சில நூறு மைல், அதுவும் வெயில் நாளில் மட்டும் ஓடும் காருக்கு இது கட்டுப்படியாகும். ஆனால் ஓடாமல் நிற்பதும் சைலன்சருக்கு நல்லதல்ல. கொட்டகையில் வைத்தபடி ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கும் அன்பான பழக்கம், அதன் அடியில் நீரைத் தேக்கத்தான் உதவுகிறது.

2018 மே மாதம் முதல், 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்காத கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. எல்லா எம்.ஜி.பி.களும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. சோதனையாளரின் டார்ச் இல்லாத இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. திறந்த காரில் புகை காற்றோடு போய்விடும் என்று நினைப்பது தவறு. ஓடும்போது முன்கண்ணாடியைத் தாண்டும் காற்று, இருக்கைகளுக்குப் பின்னால் தாழ்ந்த அழுத்தத்தை உண்டாக்கி, பின்பக்கக் காற்றை முன்னோக்கி இழுக்கிறது. துணிக்கூரையை மூடிக்கொண்டு போகும்போது தரையில் ஒரு துரு ஓட்டையும் அதன் கீழே கசியும் குழாயும் இருந்தால் இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இணைப்புகளில் படியும் கரிக்கோடுதான் கண்ணுக்குத் தெரியும் ஒரே அடையாளம். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கொரு முறை தாங்களே காரடியில் புகுந்து பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை: விலக்கு இருந்தாலும் விரும்பிக் கேட்டால் எம்.ஓ.டி. நிலையங்கள் பழைய காரையும் சோதித்துத் தரும், அதற்கு 54.85 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது.